பெட்டியின் அடிப்பக்கம்

ஜெசிந்தா அக்கா இறந்துவிட்டார் என்று கல்லூரி அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது, எட்டயபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். சொன்னவர் அதே மூச்சில், "அப்போ அந்த வகுப்பு இனி கிடையாதுல்லா, சார்?" என்றார். அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

அக்காவை அறிந்தவர்களுக்கு அந்த வகுப்பும் தெரியும். அணு எரிபொருள் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறதா, குண்டு செய்ய யாரும் கடத்திவிடவில்லையா என்று சோதிக்கும் வேலைக்கு ஆள் பழக்குவது. அந்த வேலையில் ஓய்வு பெற்றுக் கோவில்பட்டிக்குத் திரும்பியவர், எங்கள் கல்லூரியில் அதைத் தொடங்கினார். இயற்பியல் ஆசிரியனான நான் கூடமாட நின்றேன்.

பழகிப் பார்க்க யுரேனியத்துக்கு எங்கே போவது? தீப்பெட்டி ஆலை குடோனுக்குக் கூட்டிப்போனார். பண்டல்கள் அடைத்த அட்டைப்பெட்டிகளுக்குச் சீல் வைத்து, சோதிக்கச் சொன்னார். பிள்ளைகள் சீல்களை இழுத்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார்கள், நானும் தலையாட்டினேன். அக்கா ஒரு பெட்டியைக் கவிழ்த்தார். அடிப்பக்கம் பிளேடால் கீறி ஒட்டியிருந்தது. உள்ளிருந்த ஒரு பண்டல் அவர் கைப்பையில் இருந்தது.

"ஏலே, களவாங்க வாரவன் சீல் இருக்க பக்கமாவா வருவான்? பெட்டியப் பாருங்கல! உங்க சாரும்லா சரின்னுட்டாவ!"

குடோனே சிரித்தது. அதற்குப் பிறகு அவ்வளவு சிரிப்பை அந்த வகுப்பில் நான் கேட்கவில்லை.

புதூரிலிருந்து வந்த வேணி ஒருநாள் கேட்டாள்: "இதப் படிச்சா இங்கன வேல கெடைக்குமா மேடம்?"

"இங்கன கெடைக்காதுட்டி. பரீட்சை எழுதி, வெளியூர் போவணும். காத்துக் கெடக்கணும்."

அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. வேணி அடுத்த வகுப்புக்கு வரவில்லை. ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, "இந்த வருசம் யாராச்சும் சேந்திருக்காவளா?" என்று கேட்டார்.

"இல்லக்கா."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "குண்டு செய்யப் படிக்க ஆளு வரும். காவலுக்குப் படிக்க வராது," என்றார்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை மூடி ஆணி அறைந்தார்கள். குழியில் இறக்குவதற்கு முன் என் கை தன்போக்கில் அதன் அடிப்பக்கம் போய்த் தடவியது.

அவர் தங்கை என்னையே பார்த்தார். "என்ன தேடுதீங்க, சார்?"

கையை எடுத்துக்கொண்டேன். பெட்டி எல்லாப் பக்கமும் சரியாகத்தான் இருந்தது.

அக்கா எனக்கு விட்டுப்போனது இந்தக் கைப்பழக்கம்தான். அதை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள வகுப்பில் ஒரு பிள்ளை இல்லை.