அறுபத்து நாலு கிலோ

இதய அறுவைப் பிரிவில் இருபது வருடம் ஓடி ஓடி முட்டி தேய்ந்துபோன நர்ஸ் அக்காவைத் தொலைபேசி மேசையில் உட்கார வைத்தார்கள். வீட்டுக்குப் போன நோயாளிகளிடம் முப்பது நாளைக்குத் தினமும் பேச வேண்டும். மூச்சுமுட்டி அவர்கள் மறுபடி இங்கே வந்து படுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உடம்பில் நீர் தேங்கினால் எடை ஏறும் என்பதால், எடை எவ்வளவு, கால் வீங்கியதா, மாத்திரை போட்டாயிற்றா என்று துளைத்தெடுப்பார். 'போலீஸ் அக்கா' என்று நாங்கள் வைத்த பெயர் அவருக்கும் தெரியும். "போலீஸ்னா ஒரு ஜீப்பாவது குடுத்திருப்பாங்களே" என்பார்.

பைபாஸ் முடிந்து தையல்காரர் வீட்டுக்குப் போய் எட்டு நாள். போனை அவர் மனைவிதான் எடுப்பார். "அறுபத்தி நாலு கிலோ சிஸ்டர். நல்லா இருக்காரு." அவ்வளவுதான், வைத்துவிடுவார்.

காலையில் டாக்டர், மருந்தாளர், அக்கா, மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் நான் என்று நால்வரும் பத்து நிமிடம் கூடிப் பேசுவது வழக்கம். அன்றைக்கு அக்கா நோட்டைப் பிரித்துப் போட்டார்.

"அஞ்சு நாளா அதே அறுபத்தி நாலு. நூறு கிராம்கூட ஏறல, இறங்கல. இவரு மனுஷனா, எடைக்கல்லா?"

நான் சிரித்தேன். மருந்தாளர் சிரிக்கவில்லை. "நீர் மாத்திரை மூணு நாளைக்கு முன்னாடியே தீந்திருக்கணும். வாங்க யாருமே வரல" என்றார்.

முந்தின நாள் மூச்சுப் பயிற்சிக்காக நான் தனியாகப் போன் செய்தபோது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவதாகத் தையல்காரர் சொல்லியிருந்தார். தையல் போட்ட இடத்தில் வலி போலிருக்கிறது என்று நானாக முடிவுகட்டி, யாரிடமும் வாய் திறக்கவில்லை. படுத்தால் மூச்சுமுட்டியிருக்கிறது என்று இப்போதுதான் உறைத்தது, சொன்னேன். அக்கா திட்டவில்லை, பார்த்தார். அதற்கு இரண்டு அறை வாங்கியிருக்கலாம்.

உடனே போன் போட்டார். முதலில் அதே அறுபத்து நாலு. "அப்புறம் ஏன்மா நாற்காலியில தூங்குறாரு?" என்றார் அக்கா. அந்தம்மா உடைந்துபோனார்.

"அறுபத்தி ஏழரை சிஸ்டர். ஓயாம பாத்ரூமுக்கு ஓட வைக்குதுன்னு மாத்திரைய நிறுத்திட்டாரு. தெரிஞ்சா மறுபடி நெஞ்சைப் பொளந்துடுவாங்களாம். பழைய கணக்கையே சொல்லச் சொன்னாரு."

"யாரும் பொளக்க மாட்டாங்கம்மா. தேங்கின நீரை இறக்கணும், அவ்ளோதான். இப்பவே கூட்டிட்டு வாங்க."

வந்தார்கள். டாக்டர் ஊசி போட்டார். மருந்தாளர் மாத்திரைக்கு வேளை மாற்றிக் கொடுத்தார். படுக்கையில் சாய்ந்து மூச்சுவிட நான் பழக்கினேன். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் ஆள் தேறியிருப்பாரா என்பதே சந்தேகம். அன்று சாயங்காலமே தானாக நடந்து போய் ஆட்டோ ஏறி வீட்டுக்குப் போனார்.

மறுநாள் அவரே போன் செய்தார். "அறுபத்தி ஆறு சிஸ்டர். சத்தியமா. என் வீட்டுக்காரி மேல கோவப்படாதீங்க, பொய் சொல்லச் சொன்னது நான்தான்."

"கோவமா? அஞ்சு நாளா உங்க பயத்தையும் சேத்து அவங்க ஒருத்தியா சுமந்திருக்காங்க. போனை அவங்ககிட்ட குடுங்க."

அந்தம்மா வந்ததும் அக்கா எடையைக் கேட்கவில்லை. "நேத்தாவது நீங்க தூங்குனீங்களாம்மா?" என்றார்.