எழும்பாத பெண்ணும் எங்கள் சின்னம்மாவும்

அமெரிக்காவில் ஒரு தையல்காரப் பெண் பேருந்தில் உட்கார்ந்திருந்தார். கறுப்பினத்தவர். வெள்ளைக்காரருக்கு இடம் விட்டு எழும்பு என்றார்கள். எழும்பவில்லை. பொலிஸைக் கூப்பிட்டுப் பிடித்துக் கொண்டுபோனார்கள். இதைவிடப் பெரிய வீரக்கதையை நான் இன்றுவரை கேட்டதில்லை. வாளோடு குதிரை ஏறியவர்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த அம்மா போதும்.

ஜெர்மனியில், கொலோன் நகரில் எங்கள் தமிழ்ப் பள்ளியின் பேச்சுப் போட்டிக்காக இந்தக் கதையை எழுதித் தந்தவர் சின்னம்மா. எனக்கு அப்போது பத்து வயது. தமிழ் எழுத்து ஒழுங்காக வாசிக்க வராது. அதனால் தமிழை ஜெர்மன் எழுத்தில் எழுதித் தந்தார். அலுவலகங்களைத் துப்புரவாக்கிவிட்டு வந்து, அடுப்படியில் நின்றபடியே நான் ஒப்புவிப்பதைக் கேட்பார். ‘அவர் எழும்பவில்லை’ என்ற இடத்தில் மேசையில் ஓங்கி அடிக்க வேண்டும். அடித்ததில் ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. அம்மா ஏசினார். சின்னம்மா, “இன்னும் பலமா அடி பிள்ளை” என்றார்.

போட்டியன்று இருவரும் டிராமில் போனோம். நல்ல சன நெரிசல். ஒருவன் வந்து சின்னம்மாவுக்கு முன்னால் நின்றான். கிழவனும் இல்லை, நோயாளியும் இல்லை. இது உங்கள் நாடில்லை, எழும்பு என்றான். சின்னம்மா எழும்பினார். எழும்பியதோடு விடாமல் அவனிடம் மன்னிப்பும் கேட்டார்.

“ஏன் எழும்பினீங்கள்?”

“சத்தம் போடாதை. திங்கக்கிழமை எனக்கு டெர்மின்.”

டெர்மின் என்றால் நேரம் குறித்துப் போகும் சந்திப்பு; எனக்குத் தெரிந்த டெர்மின் பல் வைத்தியரிடம்தான். பல்லுக்கும் எழும்புவதற்கும் என்ன சம்பந்தம்? பொய்க்காரி என்று முடிவு கட்டினேன்.

மேடையில் பேச்சை ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். “அவர் எழும்பவில்லை!” மேசையில் அடித்தேன். பிறகு எழுதித் தராத ஒரு வரியையும் சேர்த்தேன். “எங்கட சின்னம்மா எழும்பிட்டா.”

மண்டபம் சிரித்தது. “ஐயோ, பிள்ளை மானத்தை வாங்கிட்டுது” என்றார் முன்வரிசையில் ஒரு மாமி. சின்னம்மா கைதட்டினார். எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மூன்றாம் பரிசு.

வளர்ந்த பிறகு மிச்சத்தையும் வாசித்தேன். அந்தத் தையல்காரப் பெண்ணுக்காக ஊரின் கறுப்பினச் சனம் ஒரு வருடத்துக்கு மேல் பேருந்தைத் தொடவில்லை. நடந்தே வேலைக்குப் போனது. அப்படிப் பிரித்து உட்கார வைப்பதே செல்லாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் கடைசியில் சொன்னது. தலைவணங்க வேண்டிய சனம், தலைவணங்க வேண்டிய தீர்ப்பு. சின்னம்மாவுக்குப் பின்னால் எந்த ஊர் இருந்தது? வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு கோப்பு இருந்தது. அதில் பொலிஸ், தகராறு என்று ஒரு வரி ஏறினால் விசா புதுப்பிக்க மாட்டார்கள் என்று பயந்தார். திங்கட்கிழமை டெர்மின் அதற்குத்தான்.

அன்று போட்டி முடிந்து திரும்பி வரும்போதும் டிராமில் சனம். சின்னம்மாவுக்கு யன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் தன் கையை வைத்துக்கொண்டு, “வந்து இரு” என்றார். நான் போகவில்லை. அவர் பக்கத்தில் இருப்பதே வெட்கம் என்று கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தடித்த ஒருவர் வந்து அந்த இடத்தைக் கேட்டார். சின்னம்மா ஜெர்மனில் சொன்னார்: “இது பிள்ளையின் இடம்.” பிள்ளைதான் நிற்கிறதே என்று அவர் குரலை உயர்த்தினார். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சின்னம்மாவின் முகம் வெளிறிப்போனது. திரும்பவும் அதையே சொன்னார். எங்கள் தரிப்பு வரும்வரை கையை எடுக்கவில்லை.

வெறும் இருக்கைக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று எரிச்சலோடு பார்த்துக்கொண்டு நின்றேன், மூன்றாம் பரிசுக் கோப்பையோடு.