என் மகள் நீந்தப் பழகிய பருவம்

என் மகள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கும் களப்புக்கும் பகை. கற்பிட்டியில் எங்கள் வீட்டுப் பின்வளவு, கடல் உள்ளே நுழைந்து தேங்கிய அந்தக் களப்பிலே போய் முடிந்தது. நடுவில் ஒரு தென்னோலைக் கிடுகு வேலி. கோழி நுழையாத வேலிதான். என் மகள் நுழைந்தாள். காலையில் கண் விழித்தால் அவள் வாயில் வரும் முதல் சொல் உம்மா இல்லை, "தண்ணி". இரண்டரை வயதுப் பிள்ளையோடு தினமும் சண்டை போட்டுத் தினமும் தோற்றேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அது யுத்த காலம். அவளுடைய வாப்பாவுக்குக் கொழும்பில் கடை. எந்த நேரம் குண்டு வெடிக்குமோ என்றிருக்கிற ஊருக்குப் பெண்டாட்டி பிள்ளையை அழைக்க முடியாது என்று கடிதம் எழுதியிருந்தார். நியாயம்தான். நியாயமான கடிதத்தை எத்தனை தரம் வாசித்தாலும் அது பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்னாது. மாமியும் மௌத்தாகி அடக்கமான பிறகு அந்த வீட்டில் நானும் பிள்ளையும் மட்டும். வெள்ளிக்கிழமைகளில் என் புருஷனின் அண்ணன் ஜும்ஆவுக்குப் போகும் வழியில் வேலிக்கு வெளியே நின்று இருமுவார். சாமான் பையைப் படலையடியில் வைத்துவிட்டு, "வேற என்னவும் வேணுமா?" என்பார். "வேணாம் மச்சான்" என்பேன். ஒரு கிழமைக்கு நான் வளர்ந்த ஆளொருவரோடு கதைத்த கதை அவ்வளவுதான்.

நான் மதுரங்குளிப் பக்கத்துப் பெண், தென்னந்தோட்டமும் கிணறுமாக வளர்ந்தவள். மூன்று வருடம் களப்போரம் குடியிருந்தும் அந்தத் தண்ணீரில் என் கால் நனைந்ததில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் பகலில் கரைக்கு இறங்குவதில்லை. இறங்கத்தான் வேண்டுமென்றால் தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துப்பட்டி போர்த்துக்கொண்டுதான்.

ஒரு நாள் காலை அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் பிள்ளை இல்லை. பின்வளவுக்கு ஓடினேன். ஒரு கிடுகு விலகிக் கிடந்தது. அந்த இடைவெளியால் பார்த்தேன். மகள் நெஞ்சளவு தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் களப்பை அடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். சற்றுத் தள்ளி நாலைந்து ஆண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு வலை இழுத்தார்கள்.

இனி நான் செய்ததை எழுதுகிறேன். நான் தண்ணீருக்கு ஓடவில்லை. வீட்டுக்குள் திரும்பி ஓடினேன், துப்பட்டி எடுக்க. யோசித்துச் செய்யவில்லை, காலே அந்தப் பக்கம் திரும்பியது. அலுமாரிக் கதவு மழைக்கு ஊதி இறுகியிருந்தது. சுவரில் காலை ஊன்றி இழுத்துத் திறந்து, துணியை உதறித் தலையில் போட்டுக்கொண்டு வந்து பார்த்தபோது தண்ணீருக்கு மேலே பிள்ளையின் தலை இல்லை.

அவளைத் தூக்கியது நானல்ல. சிலாபம் பக்கத்திலிருந்து பருவத்துக்கு மீன்பிடிக்க வந்து எங்கள் வளவுக்கு அடுத்தாற்போல் ஓலைக் குடிலாக வாடி போட்டிருந்த, கழுத்தில் சிலுவை தொங்கும் ஒரு வேதக்காரப் பெண். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே பாய்ந்திருக்கிறாள். பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் அறைந்தாள். தண்ணீர் கக்கிவிட்டு மகள் வீரிட்டு அழுதாள். அந்த அழுகையைப்போல் இனிமையான சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"எங்க போனீங்க தங்கச்சி?" என்று கேட்டாள் அவள், மூச்சு வாங்க.

"அடுப்படியில நின்னேன் அக்கா" என்றேன்.

அந்தப் பொய்யை நான் யாரிடமும் திருத்தவில்லை. புருஷனுக்குக்கூட எழுதவில்லை. ஏசுவார்களே என்றில்லை. யாரிடம் சொன்னாலும், சரியாகத்தானே செய்தாய், அத்தனை ஆண்களுக்கு முன்னால் வேறென்ன செய்வாய் என்றிருப்பார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

வேலியைத் தடித்த கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். ஆனால் என்மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இன்னொரு தடவையும் என் கால் அலுமாரிப் பக்கம்தான் திரும்பும் என்றால்? அப்படியானால் பிள்ளைக்கு நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். வேறு வழியில்லை.

மீன்பிடிக்காரப் பிள்ளைகள் தேங்காய் கட்டிக்கொண்டு நீந்தப் பழகுவதை வேலியிடுக்கால் பார்த்திருந்தேன். நானும் உரிக்காத காய்ந்த தேங்காய் இரண்டு எடுத்து, மட்டையிலிருந்து நாரைக் கிழித்து ஒன்றோடொன்று முடிந்து, மகளின் இடுப்பில் கட்டிக் கிணற்றடித் தொட்டியில் இறக்கினேன். இறக்கியதுதான் தாமதம், அவள் பின்பக்கம் மேலே எழும்பியது, தலை கீழே போனது. நான் போட்ட கூச்சலில் வாடிக்காரப் பெண் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"என்ன தங்கச்சி, புள்ளைய நீந்தப் பழக்குறீங்களா, இல்லாட்டித் தலைகீழா நட்டு வைக்கப் பாக்குறீங்களா?" சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தேங்காயைக் கக்கத்துக்குக் கீழ கட்டோணும். தொட்டியில எல்லாம் சரிவராது. எனக்கிட்ட தாங்க."

கொடுத்தேன். மத்தியானங்களில், வலைக்காரர்கள் சாப்பிட்டுப் படுத்துவிடும் நேரத்தில், அவள் என் மகளைக் களப்புக்குக் கொண்டுபோனாள். வயிற்றுக்குக் கீழே கையை வைத்து ஏந்திக்கொண்டு, "காலை அடி, காலை அடி" என்பாள். நான் வேலிக்கு உள்ளே நின்று ஒரு கண்ணால் பார்ப்பேன். மகள் முதல் நாள் அலறினாள். நாலாம் நாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வேலியைத் தாண்டி வந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல் வந்தது. நான் பெற்ற பிள்ளை, எனக்குக் காட்டாத சிரிப்பு. அந்த நல்ல மனுசிமேல் நான் பட்ட பொறாமையை நினைத்தால் இப்போதும் என்னை நானே ஏசிக்கொள்வேன்.

ஒரு நாள் அவள் வேலியருகே வந்து சொன்னாள். "புள்ள இப்ப மிதக்கிறா. எதிர்ல ஆள் நின்டு கூப்பிட்டாத்தான் கையை விட்டுப் போவா. நீங்க இறங்கோணும்."

"நான் எப்படி அக்கா..."

"எல்லாரும் படுத்துட்டாங்க. நான் பாத்துக்கிறன். வாங்க."

பிஸ்மி சொல்லி இறங்கினேன். சேற்றுக்குள் கால் புதைந்தது, கடற்புல் காலைச் சுற்றியது. சேலை பாறாங்கல்லாகக் கனத்தது. இடுப்பளவில் நின்று கையை நீட்டி, மெதுவான குரலில் மகளைக் கூப்பிட்டேன். பிள்ளை அவளுடைய கையை விட்டாள். இரண்டு முழம் என்னை நோக்கி வந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அப்படியே திரும்பி, அடித்துப் பிடித்து நீந்தி, அந்தப் பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"சின்னப் புள்ளதானே" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல். நான் ஈரச் சேலையோடு வீட்டுக்குப் போய்க் குசினியில் அடுப்பருகே உட்கார்ந்து அழுதேன்.

காற்று மாறியதும் அவர்கள் வாடியைப் பிரித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். போகும்போது அவள் பிள்ளையின் தலையில் கை வைத்து, "பழக்கத்த விட்டுடாதீங்க தங்கச்சி, மறந்துடுவா" என்றாள். கரை வெறுமையானது. மகள் மூன்று நாள் அந்த மணலில் நின்று "அக்கா" என்று கூப்பிட்டாள். அவளுக்கும் என்னைத் தவிர யாரும் இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

அதன்பிறகு தினமும் மத்தியானம் நானே இறங்கினேன். முதலில் அவள் விறைத்துப்போய் என் தோளைப் பிறாண்டினாள். எனக்கும் கோபம் வந்தது. ஒரு நாள் தொடையில் ஒன்று போட்டேன். இருவரும் அழுதபடி கரையேறினோம். மறுநாளும் போனோம். கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு தேங்காய் ஒன்றானது. அவள் என்னைச் சுற்றிச் சுற்றி நீந்தினாள். ஒரு நாள் அந்த ஒன்றையும் அவிழ்க்கச் சொன்னாள். அவிழ்த்தேன்.

அவள் என்னைச் சுற்றி வரவில்லை. நேராக வெளியே போனாள், வள்ளங்கள் போகும் ஆழமான பக்கத்துக்கு. நான் பின்னால் நடந்தேன். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. அடுத்த எட்டில் காலடியில் மண் இல்லை. பின்வாங்கி நின்றேன். "மகள், வா! இங்கால வா!" என்று கத்தினேன். அவள் தலையைத் திருப்பி, பல் தெரியச் சிரித்து, "உம்மா வாங்க" என்றாள்.

எனக்குப் போகத் தெரியாது. தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள அவளைப் பழக்கியிருந்தேன். அவள் பின்னால் போக நான் பழகவே இல்லை. அவள் அந்த ஆழத்துக்கு மேலே தன்பாட்டில் காலை அடித்துக்கொண்டிருந்தாள், நான் கழுத்தளவு தண்ணீரில் கையை நீட்டியபடி நின்றேன். அவளுக்குப் போதும் என்று தோன்றியபோதுதான் திரும்பினாள். வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தை உற்றுப் பார்த்து, "உம்மாக்குப் பயமா?" என்று கேட்டாள்.

"ஓம் மகள், பயம்" என்றேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வேறு ஆள் இருக்கவில்லை.