நிற்க வைத்தால் ஓடாத கம்ப்யூட்டர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதத்தில் நடந்தது இது. சிதம்பரத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். பாகங்களை வாங்கி, கேட்பவர்களின் தேவைக்குத் தகுந்த மாதிரி கோத்துக் கொடுப்பதுதான் தொழில். அப்போதே பதினாறு வருட அனுபவம். அந்த அனுபவத்தில் எனக்கு ஏகப்பட்ட திமிர் இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லால்பேட்டையிலிருந்து ஒரு பாய் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. அவருடைய அக்கா வீட்டுக்காரர் வளைகுடா நாட்டில் வேலை பார்த்தவர், போன மாதம் அங்கே அறையிலேயே மாரடைப்பில் இறந்துவிட்டாராம். அடக்கமும் அங்கேயே முடிந்துவிட்டது. முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. கணவர் இறந்த துக்கத்துக்கு அக்கா இத்தா இருக்கிறார், நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வர மாட்டார். படித்தவர். இத்தா முடிந்ததும் சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே தமிழ் சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைக்கிறார். அதற்குத்தான் கம்ப்யூட்டர்.

கூடவே அக்காவின் பழைய போனையும் கொடுத்தார்.

"இதுல மச்சான் அனுப்புன வாய்ஸ் எல்லாம் இருக்கு அண்ணே. போனு ரொம்ப ஹேங்காவுது. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுத்துடுங்க. புள்ளைக்கு நாலு வயசுதான் ஆவுது. நாளைக்கு அவ பெருசானா, இதுதான் ஒன்ன பெத்த அத்தா கொரலுன்னு சொல்லிக் காட்ட இது ஒண்ணுதான் இருக்கு."

ஏற்றிக் கொடுத்தேன். நூற்றுக்கணக்கான குரல் பதிவுகள். சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க இரண்டு மூன்றைத் தட்டிவிட்டேன், ஓடியது, நிறுத்திவிட்டேன். "காப்பி எடுத்தாச்சு பாய், இனிமே போனைக் காலி பண்ணிடலாம்" என்று சொல்லி, நானே போனில் இருந்ததையெல்லாம் அழித்தும் கொடுத்தேன். இன்னொரு பிரதி எடுத்து வைக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். எடுக்கவில்லை.

கம்ப்யூட்டரைக் கோத்தபோது நடந்த ஒரு சின்ன விஷயத்தையும் சொல்ல வேண்டும். போர்டை கேபினெட்டில் பொருத்தும்போது ஒரு ஸ்க்ரூ கைநழுவி விழுந்தது. சத்தம் கேட்டது. குனிந்து தரையில் பார்த்தேன், காணோம். எங்காவது உருண்டிருக்கும் என்று டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்து முடுக்கிவிட்டேன். எங்கள் தொழிலில் ஸ்க்ரூ தொலைவதை யார் பெரிதாக நினைப்பார்கள்?

ஒரு நாள் முழுக்க கடையில் ஓடவிட்டுப் பார்த்தேன். குறையே இல்லை. பாய் காரின் பின்சீட்டில் படுக்க வைத்து எடுத்துப் போனார்.

மூன்றாம் நாளே போன் வந்தது. சில நேரம் சுவிட்சைப் போட்டால் விசிறி ஒரு சுற்று சுற்றி நின்றுவிடுகிறதாம். சில நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறதாம். கொண்டுவரச் சொன்னேன். மேஜையில் படுக்க வைத்து, பக்கக் கதவைக் கழற்றி, சுவிட்சைப் போட்டேன். ஓடியது. இருபது முறை அணைத்துப் போட்டேன், இருபது முறையும் ஓடியது. "நல்லாத்தானே பாய் இருக்கு" என்று திருப்பி அனுப்பினேன். அடுத்த வாரமும் இதே கதைதான்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. காட்டுமன்னார்கோயில் பக்கம் வேறு வேலை இருந்த ஒரு நாள், அவர்கள் வீட்டுக்கே போனேன். முன்னறையில் ஜன்னலோரம் கம்ப்யூட்டர் நின்றது. அந்தம்மா உள்ளறைத் திரைக்குப் பின்னால் இருந்தார், குரல் மட்டும்தான் கேட்டது. சுவிட்சைப் போட்டேன், ஓடவில்லை. வழக்கம்போல் படுக்க வைத்துக் கதவைக் கழற்றி, மெமரியை உருவித் துடைத்து மாட்டினேன். உடனே ஓடியது. நிமிர்த்தி வைத்தேன். என் போதாத காலம், நான் டீ குடித்து முடிக்கும் வரை ஓடிக்கொண்டே இருந்தது.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல பாய். உங்க வீட்டு எர்த்து சரியில்ல. எலக்ட்ரீஷியன வச்சுப் பாருங்க" என்றேன்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அந்தம்மா பேசினார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நிக்க வச்சாதான் இது அடம் புடிக்குது. முந்தாநேத்து தம்பி இத கட்டில்ல படுக்க வச்சு மாட்டுனான், சாயங்காலம் வரைக்கும் ஓடுச்சு. தூக்கி நிக்க வச்சோம், அணஞ்சு போச்சு."

நான் சிரித்துவிட்டேன். "கம்ப்யூட்டருக்கு நிக்கிறது படுக்கிறதெல்லாம் தெரியாதும்மா. கரண்டு சரியா இருந்தா எப்படி வச்சாலும் ஓடும்." பாயும் என்னோடு சேர்ந்து சிரித்தார். அந்தம்மா எதிரில் முகம் பார்த்துச் சொல்லியிருந்தால் ஒருவேளை இரண்டாம் தடவையும் சொல்லியிருப்பார். நானும் அப்படிச் சிரித்திருக்க மாட்டேனோ என்னவோ.

என் பேச்சைக் கேட்டு அவர்கள் கொல்லையில் குழி வெட்டி, உப்பும் கரியும் கொட்டிப் புது எர்த் போட்டார்கள். பத்து நாள் கழித்து பாய் மறுபடி வந்தார். முகமே சரியில்லை. இப்போது சுவிட்சைப் போட்டால் கம்ப்யூட்டர் எழுகிறதாம், ஆனால் டிஸ்க் இல்லை என்கிறதாம்.

விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அவர் போனதும் கேபினெட்டைத் தூக்கி மேஜையில் வைக்கப் போனேன். உள்ளே 'கிலுக்' என்று ஒரு சத்தம். போர்டைக் கழற்றினேன். அதற்கும் கேபினெட் தகட்டுக்கும் நடுவில் என் ஸ்க்ரூ கிடந்தது. ஒரு பக்கம் கறுத்துக் கருகியிருந்தது.

படுக்க வைத்தால் அது தகட்டின் மேல் பேசாமல் கிடக்கும். நிற்க வைத்தால் கீழே சரிந்து போர்டின் அடிப்பக்கத்தைத் தொடும். தொட்டால் ஷார்ட். எங்கள் கடைகளில் எல்லா மெஷினையும் படுக்க வைத்துத்தான் பார்ப்போம், அதுதான் கைக்கு வசதி. வீடுகளில் எல்லா மெஷினும் நின்றுகொண்டுதான் இருக்கும். பதினாறு வருடத்தில் இது என் மண்டையில் ஏறவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் சரியாகச் சொன்னார். நான் சிரித்தேன். அத்தனை முறை பட் பட்டென்று அணைந்து எரிந்ததில், குரல் பதிவுகள் இருந்த டிஸ்க் செத்தது.

டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கடலூருக்கு ஓடினேன். சிப்காட்டில் முன்பு என்னோடு வேலை பார்த்த நண்பர் அழிந்த தகவல்களை மீட்பதில் கைகாரர். இரண்டு நாள் போராடிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். சென்னைக்கு அனுப்பினோம். அங்கேயும் அதே பதில்.

பாயிடம் நான் சொன்னது பொய். "டிஸ்க் கம்பெனியிலேர்ந்தே கோளாறு பாய், நம்ம கையில ஒண்ணும் இல்ல" என்றேன். ஸ்க்ரூவைப் பற்றி மூச்சு விடவில்லை. வேறு டிஸ்க் போட்டுக் கொடுத்தேன், கம்ப்யூட்டர் எப்படி வைத்தாலும் ஓடியது. அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. கிளம்பும்போது சொன்னார்: "கடலூரு, மெட்ராஸ்னு எங்களுக்காக ஜாஸ்தி அலஞ்சிட்டீங்க அண்ணே. அக்கா ஒங்களுக்காக துஆ செய்யுது."

எனக்காகப் பிரார்த்தனை! அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தா முடிகிற நாளைக் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முடிந்த மறுவாரம் லால்பேட்டைக்குப் போனேன்.

அந்தம்மா முன்னறைக்கு வந்து உட்கார்ந்தார். அன்றுதான் முகம் பார்த்தேன். மடியில் பிள்ளை. ஸ்க்ரூ விழுந்ததிலிருந்து பொய் சொன்னது வரை எல்லாவற்றையும் சொன்னேன். பாய் எழுந்து, என்னைப் பார்க்காமலே வெளியே போய்விட்டார்.

"நா அன்னைக்கே சொன்னேனே அண்ணே" என்றார் அந்தம்மா. அவ்வளவுதான்.

பிறகு, "ஏத்துறப்ப நீங்க கேட்டுப் பாத்தீங்களா?" என்றார்.

"ரெண்டு மூணு கேட்டேம்மா. ஓடுதான்னு பாக்க."

அவர் பிள்ளையைத் தன் பக்கம் திருப்பி, "இந்த மாமா அத்தா பேசுனத கேட்டுருக்காங்க" என்றார். என்னைக் குத்திக்காட்ட அவர் அதைச் சொல்லவில்லை. கேட்ட இன்னொரு ஆள் இருக்கிறார் என்பதே அவருக்கு ஏதோ ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

பிள்ளை என்னை ஏறிட்டுப் பார்த்தது. "அத்தா என்னா சொன்னாங்க?"

ஒன்று எனக்கு நினைவிருந்தது. சொன்னேன். "சாப்ட்டியா தங்கம்? அத்தா வந்தோன்ன கடலூரு பீச்சுக்குப் போவலாம்னு சொன்னாங்க."

"அத்தா மாரி சொல்லுங்க."

என்னால் முடிந்த மாதிரி மெதுவாக இன்னொரு தடவை சொன்னேன். பிள்ளை இல்லை என்று தலையை ஆட்டிவிட்டது.

"இது ஒங்க கொரலு" என்றது.

அந்தம்மா இப்போது அந்தக் கம்ப்யூட்டரில்தான் பாடம் நடத்துகிறார் என்று கேள்விப்பட்டேன். பாய் அதன்பிறகு என் கடைக்கு வரவில்லை. வராததில் தப்பும் இல்லை. இப்போதெல்லாம் எந்த மெஷினையும் ஒரு நாள் முழுக்க நிற்க வைத்து ஓடவிடாமல் கொடுப்பதில்லை. எங்கள் வீட்டில் இப்படித்தான் பண்ணுகிறது என்று யாராவது சொன்னால், வாயை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்கிறேன்.

ஆனாலும் அந்த மனிதரின் குரல் எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. என் கடையில், என் மேஜையில் அது ஒலித்தபோது, ஓடுகிறதா என்று மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன்.