மூன்று காலண்டர் வீட்டுக்கு ஒரு நாய்

சுத்தியல் என்று கூப்பிட்டால்தான் அவன் திரும்பிப் பார்ப்பான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் இருந்தது. லாரி டயர் பட்டறையில் இருபத்திரண்டு வருட வேலை. துருப்பிடித்த ரிம்மை விட்டு வர மறுக்கிற டயரிடம் மற்றவர்கள் எண்ணெயும் கடப்பாரையும் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் கெஞ்சுவார்கள். இவன் பெரிய சுத்தியலைத் தூக்கி நாலே அடி போடுவான். ஐந்தாவது அடி தேவைப்பட்டதாகச் சரித்திரமே கிடையாது.

தொல்லை என்னவென்றால், அவனுக்கு உலகத்தில் எல்லாமே டயராகத் தெரிந்தது. குழாய் ஒழுகினால் குழாய்க்கு அடி. ரிமோட் வேலை செய்யாவிட்டால் ரிமோட்டுக்கு அடி. மச்சான் நக்கலாகச் சிரித்தால் மச்சானுக்கு அடி. மனைவிக்கோ காரணமே வேண்டாம். அவள் ஆயத்த ஆடை ஆலையில், தைத்து முடித்த சட்டைகளைத் திருப்பிப் போட்டுக் குறை பார்க்கிறவள். கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போவாள். கூட வேலை செய்கிறவர்கள் ஏன் என்று கேட்டதில்லை, கேட்டுத்தான் ஆக வேண்டுமா என்ன.

அவனும் அடி வாங்கி வளர்ந்தவன்தான். பதின்மூன்று வயதில் பட்டறையில் சேர்ந்தபோது முதலாளி இரும்பு லீவரால் முதுகில் போட்டுத்தான் வேலை கற்றுக்கொடுத்தார். ஒரு மதியம், சரியாக உட்காராத ரிம் வளையம் காற்று ஏற்றும்போது தெறித்து, பக்கத்தில் நின்றவனின் தாடையைப் பெயர்த்துக்கொண்டு போனது. தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, அன்றைக்கே அதே இடத்தில் மூன்று டயர் மாற்றினான் இவன். அதனால் என்ன, செய்ததெல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. நடந்ததைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"எம்பொண்ணு மேல ஒருநாளும் கை வச்சதில்ல" என்று பட்டறையில் மார்தட்டிக்கொள்வான். உண்மைதான், கை வைத்ததில்லை. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில், சட்டையில் மடிப்பு சரியில்லை என்று இஸ்திரிப் பெட்டியை மனைவி மேல் விட்டெறிந்தான். அவள் குனிந்துவிட்டாள். பெட்டி நிலைக்கண்ணாடியில் போய் விழுந்தது. கண்ணாடிச் சில்லு பள்ளிக்கூடத்துக்குத் தலை வாரிக்கொண்டிருந்த மகளின் புருவத்தைக் கிழித்தது. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு நாலு தையல். மருத்துவமனையில், "மாடிப்படியில விழுந்துட்டா" என்று சொன்னது அவன். ஆமாம் என்று தலையாட்டியது மகள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பாதி வழியில் வண்டியை நிறுத்தினான். "பாப்பா, உனக்கு என்ன வேணும்னு கேளு. எதுவா இருந்தாலும் அப்பா வாங்கித் தரேன்."

"நாய்" என்றாள் அவள். மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்ததுதான்.

அவனுக்கு உயிர் வந்தது. பட்டறைக்கு வரும் லாரிக்காரர் ஒருவர் நாய்க்குட்டி விற்பவனின் எண்ணைக் கொடுத்திருந்தார். ஜாதி நாய், சான்றிதழோடு. மனைவிதான் மெல்ல வாயைத் திறந்தாள். "காப்பகத்துல எத்தனையோ கிடக்குதுங்க. வீடில்லாத ஜீவன். அங்க போய்ப் பாக்கலாமே."

"எவனோ தொரத்தி விட்டதை எம்பொண்ணு தலையில கட்டணுமா? போடி."

"எனக்கும் காப்பகம்தான்பா" என்றாள் மகள். புருவத்தில் இன்னும் கட்டு இருந்தது. அவன் வண்டிச் சாவியை எடுத்தான்.

காப்பகம் பழைய மரக்கிடங்கு ஒன்றில் நடந்தது. நடத்துகிற அம்மா தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கனத்த உடம்பு, இரண்டு முன்கையிலும் பல் பதிந்த தழும்புகள். மகள் ஐந்தாவது கூண்டுக்கு எதிரே போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். உள்ளே ஒரு காது பாதி இல்லாத பழுப்பு நாய். கால்மணி நேரம் கழித்து அது தானாக வந்து கம்பி வழியாக அவள் சடையை முகர்ந்தது. "இதுதான்பா" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! அவனும் ஆசையாகக் கிட்டே போனான். பட்டறைச் செருப்புச் சத்தம் கேட்டதுதான் தாமதம், நாய் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது.

"சூடு போட்ட நாய் சார். ஆம்பளைங்க செருப்புச் சத்தம் ஆகாது" என்றார் அந்த அம்மா. "ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வரேன். பாத்துட்டுத்தான் தருவேன்."

வந்தார். மனைவி அதிகாலையிலிருந்து வீட்டைத் துடைத்துத் துடைத்துத் தரையே தேய்ந்திருக்கும். அந்த அம்மா நாற்காலியில் உட்காரவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகியபடி தரையில் உட்கார்ந்தார். "நாய் உயரத்துல இருந்து பாத்தாத்தான் வீடு தெரியும்" என்று சிரித்தார். அவனும் சிரித்து வைத்தான்.

முன்கதவின் உட்புறத்தில், இடுப்புக்கும் கீழே ஒரு காலண்டர் தொங்கியது. டயர் கம்பெனி இனாமாகக் கொடுப்பது. "என்ன தம்பி, இவ்வளவு கீழ மாட்டியிருக்கீங்க? நாய் தேதி பாக்கறதுக்கா?" என்று கேட்டுக்கொண்டே அதைத் தூக்கினார். கதவுப் பலகையில் செருப்பு அளவுக்கு ஓட்டை.

"காத்துல கதவு அடிச்சுக்கிச்சு."

"உள்பக்கமாவா?"

சமையலறைக் கதவில் நெஞ்சு உயரத்தில் இன்னொரு காலண்டர். அதற்குப் பின்னால் முஷ்டி அளவு ஓட்டை. இரண்டு காலண்டரிலும் வேறு வேறு மாதம், ஒருவரும் தாளைக் கிழிப்பதில்லை போலிருக்கிறது. மூன்றாவது காலண்டர் படுக்கையறைச் சுவரில் இருந்தது. அந்த அம்மா கையை நீட்டினார். பிறகு பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார். காலண்டர் சரியாக அவள் தலை உயரத்தில் இருந்தது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"நாய் தர முடியாது தம்பி. மன்னிச்சுக்கோங்க."

"ஏன்?"

"ஏன்னு உங்களுக்கே தெரியும்."

அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "தெருப்பொறுக்கி நாய் ஒண்ணு, அதுக்கு இவ்வளவு பவுசா?" நாற்காலியைத் தூக்கித் தரையில் ஓங்கி அடித்தான். கால் முறிந்து அந்த அம்மாவின் முழங்காலைத் தாண்டிப் பறந்தது. அவர் அசையவில்லை. "இதுக்குத்தான் தரல" என்று சொல்லிவிட்டு, மகளின் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனார். அந்தத் தலை கீழே விழாமல் இருக்க வேண்டுமே என்பது போல மெதுவாகத் தடவினார்.

அவர் தெருமுனை திரும்புவதற்குள் மனைவியின் உதடு கிழிந்துவிட்டது. "எல்லாம் உன்னாலதான்டி! காப்பகம் காப்பகம்னு என்னைக் கொண்டுபோய் அசிங்கப்படுத்திட்ட!" மகள் குளியலறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு காலை, மகளை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நாய் விற்பவனிடம் போனான். அவள் வாயே திறக்கவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று இவனாக நினைத்துக்கொண்டான், மடையன்.

சிமெண்ட் கிடங்குக்குப் பின்னால் தகரக் கொட்டகை. விற்பவன் இரண்டே கேள்வி கேட்டான். ஆணா பெட்டையா? வெள்ளையா பழுப்பா? வீட்டில் யார் யார், எங்கே கட்டுவீர்கள், கதவு எப்படி இருக்கும், ஒன்றும் கேட்கவில்லை. சுத்தியலுக்கு அது பெரிய மரியாதையாகப் பட்டது.

கம்பிக் கூண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. மேல்கூண்டின் மலம் கீழ்க்கூண்டில் விழுந்தது. கடைசிக் கூண்டில் தாய்நாய். மடி புண்ணாகி, மயிர் கொட்டி, நிற்கத் தெம்பில்லாமல் கிடந்தது. வயிற்றோடு ஒட்டி ஒரே ஒரு குட்டி மிச்சம். விற்பவன் கையை விட்டுக் குட்டியை இழுத்து மகளின் கையில் திணித்தான். தாய்நாய் உறுமியது. பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த ரப்பர் குழாயை எடுத்து முகத்திலேயே விளாசினான். "சனியனே, எத்தனை தடவைடா சொல்றது!" அது எகிறி அவன் மணிக்கட்டைக் கவ்வியது. அவன் கத்திக்கொண்டு அதைக் கூண்டிலிருந்து வெளியே இழுத்துப் போட்டு உதைத்தான். சிமெண்ட் தொட்டியில் போய் மோதி விழுந்தது. மறுபடியும் உதைத்தான். நாய் அலறிய அலறல் இருக்கிறதே, கல்லும் கரைந்திருக்கும்.

"அடிக்காதீங்க!" என்று கத்தினாள் மகள். கையில் குட்டி. அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை.

சுத்தியல் பாய்ந்தான். குழாயைப் பிடுங்கி அதனாலேயே போட்டான். பிறகு குழாய் எதற்கு என்று கையாலேயே. முதல் அடியில் மூக்கு போனது. இரண்டாவதில் ஆள் முட்டிபோட்டான். மூன்றாவது காதில் விழுந்தது. நாலாவது அடியில் ஏதோ வெள்ளையாகத் தரையில் தெறித்தது, பல்லோ என்னவோ. ஆள் அடங்கிவிட்டான். கையெடுத்துக் கும்பிட்டான். சுத்தியல் ஐந்தாவதும் அடித்தான்.

அப்பா, என்ன ஒரு நிம்மதி! வாழ்க்கையிலேயே முதல்முறையாக நியாயமாக ஒருத்தனை அடித்திருக்கிறான். மூச்சு வாங்க, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினான். "பாத்தியா பாப்பா? அப்பா எப்படிக் குடுத்தேன் பாத்தியா?"

மகள் தொட்டிக்குப் பக்கத்தில் சுவர் மூலையில் குந்தியிருந்தாள். குட்டியை வயிற்றுக்கடியில் மறைத்துக்கொண்டு, முழங்கையால் புருவத்தை மூடியிருந்தாள். பக்கத்திலேயே தாய்நாய், அதே மூலையில் ஒடுங்கிக்கிடந்தது. இரண்டு பேருக்கும் ஒரே நடுக்கம். "எந்திரி பாப்பா" என்று ரத்தம் ஒழுகும் கையை நீட்டினான். அவள் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். அவள் உடை நனைந்திருந்தது. தரையில் மெல்ல ஓடிவந்த ஈரம் அவன் செருப்பைத் தொட்டது.

அவனுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. ஐந்தாவது கூண்டும் பழுப்பு நாயும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. உன் மேல் ஒருநாளும் கை வைத்ததில்லையே என்று அவளிடம் சொல்ல நினைத்தான். நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

கடைசியில் அவளாகவே எழுந்தாள். வண்டியில் ஏறி, அவன் முதுகில் படாமல் கடைசி நுனியில் உட்கார்ந்தாள். "காப்பகத்துக்குப் போங்கப்பா" என்றாள்.

போனான். வேறென்ன செய்வது?

காப்பகத்து அம்மா வாசலில் வாளி கழுவிக்கொண்டிருந்தார். அவன் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்ததும் வாளியை விட்டுவிட்டு ஓடிவந்து மகளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். "எனக்கில்ல ஆன்ட்டி" என்று சொல்லி, மகள் குட்டியை அவர் கையில் கொடுத்தாள். "இதை நீங்க வச்சுக்கோங்க. இதோட அம்மா அங்கேயே கிடக்கு. இப்பவே போய்த் தூக்கிட்டு வந்துடுங்க. சிமெண்ட் கிடங்குக்குப் பின்னால."

அந்த அம்மா உள்ளே பார்த்து வண்டியை எடுக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

"பாப்பா, உனக்குத்தானே இவ்வளவும். மூணு வருஷமா ஆசைப்பட்டியே" என்றான் சுத்தியல்.

"எனக்கு நாய் வேணாம்பா." அவள் அழவில்லை. பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். "என்னை அடிக்க வந்தா அம்மா குறுக்க வருவாங்க. அம்மாவை அடிச்சா நான் கதவைச் சாத்திக்குவேன். இதுக்கு என்ன தெரியும்? வாலை ஆட்டிக்கிட்டு உங்ககிட்டயே வரும்."

உள்ளே ஒரு மேசையில் பதிவேடு. நாயை ஒப்படைக்கிறவர்கள் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வீடு மாறுகிறோம், குழந்தைக்கு ஒவ்வாமை, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. பேனாவை அவன் கையில் கொடுத்தார் அந்த அம்மா. வீங்கிப்போன விரல்களுக்குள் அது நிற்கவில்லை. மாடிப்படி, காற்று, கதவு என்று அவனிடம் எத்தனையோ காரணம் எப்போதும் தயாராக இருக்கும். மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். 'வீட்டில் நான் அடிப்பேன்' என்று கோணல்மாணலாக எழுதிவிட்டு வைத்தான்.

அந்த அம்மா படித்துப் பார்த்தார். திட்டவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை.

"நாய்க்குட்டியை வாங்கிக்கிட்டேன் தம்பி. பொண்ணை என்ன பண்றது?"

அவன் மகளைத் தேடினான். அவள் ஐந்தாவது கூண்டுக்கு எதிரே போய், முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டிருந்தாள். வண்டியில் ஏறுகிற உத்தேசம் அவளுக்கு இருப்பதாகத் தெரியவில்லை. காது பாதி இல்லாத அந்த நாய் எழுந்து வந்துகொண்டிருந்தது. அது பயந்துவிடப் போகிறதே என்று அவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். கிட்டே மட்டும் போகவில்லை.

"அவங்க அம்மா நம்பர் சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. "நானே பேசறேன். ரெண்டு பேரும் இன்னைக்கு உங்க வீட்டுக்கு வர மாட்டாங்க. நாளைக்கும் வருவாங்கன்னு நெனைச்சுக்காதீங்க."

அவன் கை தானாக முஷ்டியாக மடங்கியது. மேசைமேல் அது இருந்ததை அவனும் பார்த்தான், அந்த அம்மாவும் பார்த்தார். மகளும் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மனைவியின் நம்பரை மெதுவாகச் சொன்னான். தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று இன்னொரு தடவையும் சொன்னான்.