புதுச்சத்திரத்தில் கொதித்த கார்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் ஜாஸ்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று தம்பியின் பழைய அம்பாசிடர் கொதித்து, ரேடியேட்டரிலிருந்து துருத்தண்ணீர் வாசனை எழுந்ததும், சிறுவயதில் பார்த்த புதுச்சத்திரம் ஷெட் நினைவுக்கு வந்தது. வலி கண்ட அம்மாவைச் சிதம்பரத்திலிருந்து கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வாடகைக் கார் அங்கேதான் கொதித்து நின்றது. வாட்டர் பம்பின் கேஸ்கட் கிழிந்து, இணைப்பு வழியே தண்ணீர் ஒழுகியது. மெக்கானிக் ஒரு காலண்டர் அட்டையைப் பம்பின் வாயில் வைத்து, சுத்தியலால் டொக்டொக்கென்று தட்டியே அளவாக வெட்டி, கிரீஸ் தடவிப் பொருத்தினார்.

“பொறுத்துக்கக்கா, ஆயிடுச்சி.”

“நான் பொறுத்துக்குவம்பா, உள்ள இருக்கறது பொறுக்குமா?” என்றாள் அம்மா, அந்த வலியிலும்.

அட்டை கடலூர் வரை தாங்கியது. தம்பி நல்லபடியாகப் பிறந்தான்.

ஷெட் இப்போது இல்லை. அவர் பேர் மாணிக்கமா, முருகேசனா? தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். தம்பிக்குப் பேரன் பிறந்திருக்கிறான். அந்தப் பேரைத்தான் வைக்கப் போகிறோம்.