முப்பது குழிக்கு மேல் இல்லை

தங்கையா பொன்னம்மாவுக்கு நூற்று அறுபது ரூபாய் தர வேண்டியிருந்தது. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. நிக்கோபாரின் கட்சால் தீவில், ரப்பர் தோட்ட லயத்து வரிசையில் அடுத்த காம்பராவில் இருந்த விதவை அவள். சிலோனிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த பணம். நீலகிரிப் பக்கம் கூலிக்குப் போய்விட்ட ஒரே மகன் ஜெயமணியைக் கப்பலேற்றி வரவழைக்க வைத்திருந்தது.

அதை அவன் வாங்கியது ஏறுகாலத்தில். அவனுக்கு மனசு சில மாதம் ஏறும், சில மாதம் இறங்கும். ஏறினால் தூக்கம் வேண்டாம், சோறு வேண்டாம். வீட்டுக்கு வீடு தேத்தண்ணி கொதிக்கிற இடத்தில் தேத்தண்ணிக் கடை போடக் கிளம்பி, ஐந்து டஜன் கண்ணாடிக் கிளாஸ் போர்ட் பிளேரிலிருந்து வரவழைத்தான். கடல் குலுக்கிய குலுக்கில் பாதி சில்லுச் சில்லாக வந்து இறங்கியது. அதே வாரம், ரப்பர் கன்று நட வரிசை பிடித்து ஊன்றியிருந்த அளவுக் குச்சிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒரே நாளில் எழுபது குழி வெட்டினான். ஒன்றும் வரிசையில் இல்லை. அத்தனையையும் மற்றவர்கள் மூடினார்கள்.

பிறகு இறக்கம். இரண்டு மாதம் சுவரைப் பார்த்துக் கிடந்தான். பேய் என்றார்கள். கப்பலில் வந்த வங்காளி டாக்டர் மட்டும், "பூத் நஹீ, பீமாரி" என்றார்; பேயில்லை, நோய். மருந்து அவரிடமும் இல்லை.

எழுந்த அன்றே கங்காணி துரைசாமியிடம் போனான்.

"கங்காணியாரே, இனி ஒரு நாளைக்கு முப்பது குழிதான். அதுக்கு மேல போனா மண்வெட்டியப் பிடுங்கிடுங்க. படுத்துக் கெடக்குற நாள்ல ஒரு குழியாச்சும் வெட்டணும். வரலேன்னா இழுத்துட்டு வாங்க."

"முப்பதுக்கு மேல குழிக்குக் குழி கைக்காசுடா. காசு வேணாங்குற மொத ஆளு நீதான். இன்னும் தெளியலியா?"

"தெளிஞ்சதாலதான் கேக்குறேன்."

பெரிய படிப்புப் படித்தவர்கள் பத்துப் பேர் உட்கார்ந்து யோசித்தாலும் தோன்றாத யோசனை அது. கூடுதலாகச் செய்வேன் என்று எவனும் சபதம் போடுவான். இத்தோடு நிற்பேன் என்று போட நெஞ்சில் உரம் வேண்டும். சம்பளத்தை அப்படியே மனைவி இந்திராணியிடம் கொடுத்தான். அவள் மாதம் பதினைந்து ரூபாய் கடனுக்கென்று எடுத்து வைத்தாள்.

ஆறாம் மாதம் மனசு மறுபடி ஏறியது. அப்போதுதான் பொன்னம்மா குழி வெட்டுகிற மலைக்கே வந்தாள்.

"ஜெயமணி கடுதாசி போட்டுருக்கான். நெஞ்சு வலி, இருமல்னு எழுதியிருக்கான். அடுத்த கப்பலுக்குள்ள குடுத்துருவியா தங்கையா?"

"தொண்ணூறு இருக்கு அக்கா. அத இப்பவே..."

"தொண்ணூறுக்குப் பாதிக் கடல்லயா எறக்கி விடச் சொல்லட்டும்?"

அன்றைய முப்பது குழியும் முடிந்திருந்தது. முப்பத்தொன்றாவது குழிக்கு மண்வெட்டியை ஓங்கினான். துரைசாமி பாய்ந்து பிடுங்கினார்.

"இன்னிக்கு மட்டும் விடுங்க கங்காணியாரே! அக்கா மகனுக்காக!"

"நீ சொன்னதத்தான்டா செய்யுறேன்."

தங்கையா வெறுங்கையைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தான். "கை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பொன்னம்மா இறங்கிப் போனாள்.

ஒன்பதாம் மாதம் தந்தி வந்தது. ஜெயமணி போய்விட்டான். அடுத்த வாரமே தங்கையாவுக்கு இறக்கம். நாளுக்கு ஒரு குழி வெட்டினான். அதற்கு நாள்கூலிக் கணக்கில் பேர் விழாது, காசும் இல்லை. நனைந்த மூட்டையைப்போல் அவனைத் துரைசாமி இழுத்துப் போவார். ஆனாலும் ஒரு நாள் தவறவில்லை. இந்திராணி தன் கூலியிலிருந்து பதினைந்தை ஒதுக்கினாள். கடன் வாங்கிக்கொண்டு கப்பலேறி மறைந்தவர்கள் அந்தத் தீவில் எத்தனையோ பேர். தங்கையா மறையவில்லை.

பதினோராம் மாதம் சம்பளத்தன்று பணத்தோடு பொன்னம்மாவின் வாசலில் நின்றான்.

"எழுபது வெட்டுன கைதானே அது" என்றாள் அவள். "எம்புள்ளைக்காக நாப்பது வெட்டியிருக்கக் கூடாதா?"

"வெட்டியிருந்தா நாப்பதோட நின்னுருக்காது அக்கா. இந்தக் காசும் இருந்துருக்காது."

"இனி எனக்கு எதுக்கு? நீயே வச்சுக்க."

"கையை நீட்டுங்க அக்கா."

வெகுநேரம் கழித்து நீட்டினாள். பத்து, இருபது, முப்பது என்று சத்தமாக எண்ணி வைத்தான். நூற்று அறுபது வரை அவள் விரல்கள் பணத்தின் மேல் மடங்கவே இல்லை.